எண்ணெய் குடித்த பந்து

எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாருக்குக் கால்பந்து என்றால் ஓங்கி உதைப்பது. தினமும் சாயங்காலம் ஆம்பூர்ப் பாலாற்றங்கரை மைதானத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, விசில் ஊதி, ஒவ்வொருவனாக உதைக்கச் சொல்வார். பந்து விழுந்த இடத்தில் குச்சியால் கோடு கிழிப்பார். யார் கோடு தூரமோ அவன் கெட்டிக்காரன். என் கோடு எப்போதும் அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். பதினோரு வயதில் நான் எட்டு வயதுக்காரன் அளவுதான் இருந்தேன். அவர் பொல்லாதவர் இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் கோடுதான் கிழித்திருப்பார்.

எனக்குத் தெரிந்த ஆட்டம் வேறு. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் எண்ணெய் போடுகிறவர். பதப்படுத்திய தோலுக்குப் புங்கெண்ணெய் தேய்ப்பது அவர் வேலை. கழித்துப்போட்ட துண்டுத் தோலில், உள்ளே ஆட்டு மயிரை அடைத்து, எனக்கொரு பந்து தைத்துக் கொடுத்திருந்தார். அது எகிறாது, உருளுவதற்கே யோசிக்கும். ஷாப் முற்றத்தில் தோல் காயப்போட்ட கழிகளுக்கு நடுவில் அதைக் காலைவிட்டு விலகாமல் ஓட்டிக்கொண்டு போவேன். பந்து தோலில் பட்டால் ஷாப் மேஸ்திரி பாய் என் காதைத் திருகிவிடுவார் என்பதால் படாமல் ஓட்டப் பழகிக்கொண்டேன். அப்பா வேலை செய்தபடியே பார்ப்பார். நல்லது கெட்டது எதுவும் சொல்ல மாட்டார்.

அந்த வருஷம் வேலூரிலுள்ள ஒரு பெரிய பள்ளியிலிருந்து விளையாட்டு ஆசிரியர் வரப்போவதாகச் சேதி வந்தது. எங்களுக்குள் ஓர் ஆட்டம் வைத்துப் பார்த்து, நன்றாக ஆடுகிற பையன் ஒருவனை அழைத்துப் போவாராம். பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை, ஹாஸ்டலில் சாப்பாடும் உண்டு. எங்கள் பள்ளியில் ஐந்தாவதுக்கு மேல் வகுப்பில்லை. அதற்கப்புறம் எங்கள் தெருப் பையன்கள் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் மிதிக்கப் போவார்கள். எனக்கும் அடுத்த மாதம் அதுதான் என்று பேசி முடித்திருந்தார்கள். டிரில் வாத்தியாரோ, தலைக்கணக்குக்காகத்தான் ஆட்டத்தில் என்னைச் சேர்த்திருப்பதாகவும், ஆசை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டத்துக்கு முதல் நாள் பள்ளியின் ஒரே பந்து தையல் விட்டுப்போயிற்று. அதை என்னிடமே கொடுத்து அப்பாவைத் தைத்துத் தரச் சொன்னார் வாத்தியார். சீமைப் பந்து; வெயிலில் காய்ந்து வறவறவென்று கிடந்தது. அப்பா பந்தின் வாய்க்கயிற்றை அவிழ்த்து உள்ளிருந்த ரப்பர் பையை எடுத்துவிட்டு, விட்ட தையலைப் போட்டு முடித்தார். பிறகு கிண்ணத்தில் புங்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்து உள்ளும் புறமும் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்தார், தேய்த்தார், இன்னொரு கிண்ணம் கொண்டுவரச் சொன்னார். அதுவும் தீர்ந்த பிறகே பையை உள்ளே வைத்துக் கட்டினார். காய்ந்த தோலைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் உதையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. எங்களில் நெடுங்கோட்டுக்காரனான கடைக்காரர் மகன் ஓடிவந்து உதைத்தான். பந்து பத்தடி போய்ப் பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. மணல் வேறு அப்பி அப்பிக் கனம் கூடிக்கொண்டே போயிற்று. எனக்கு மட்டும் அது பழைய தோஸ்த்தைப் போலிருந்தது. என் ஆட்டுமயிர்ப் பந்தை ஓட்டுகிற மாதிரியே ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு கோல் போட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் டிரில் வாத்தியார், கரையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார்.

“இன்னாய்யா பண்ணி வச்சிருக்கே பந்தை?”

அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். “காஞ்சி கெடந்துச்சி சார். எண்ணெ கொஞ்சம் ஜாஸ்தியா போய்ட்ச்சி.”

பையன்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. வேலூர் ஆசிரியர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னைத் தனியாக அழைத்து, பந்தை ஏன் தூக்கி அடிக்கவில்லை என்று கேட்டார்.

“எங்கிட்ட வந்தா வுட மனசு வர்ல சார்” என்றேன்.

அவர் சிரிக்காமல் என் பெயரைக் குறித்துக்கொண்டார். அவரிடம் விசிலும் இல்லை, குச்சியும் இல்லை. பின்னால் ஆறு வருஷம் அவரிடம் ஆடியபோதும், ஆட்டம் முடிந்த பிறகுதான் எதையும் சொல்வார். அந்தப் பள்ளியும் அங்கே நான் தின்ற சோறும்தான் இன்றைக்கு நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. என் கால் ஒருநாளும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கவில்லை. இதற்கு நான் கைகூப்ப வேண்டியவர்கள் பலர். முதலில் கூப்பியிருக்க வேண்டியவரை விட்டுவிட்டேன்.

முதல் லீவுக்கு ஊர் வந்தபோது தோல் ஷாப்புக்குப் போனேன். அப்பா ஒரு தோலை விரித்துப்போட்டு, உள்ளங்கைக் குழியில் எண்ணெய் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி பாய் அதைக் காட்டி என்னிடம் பெருமையாகச் சொன்னார்: “இருவது வருசமா பாக்கறேன். உங்கப்பன் கையில ஒரு சொட்டு ஜாஸ்தியா போனது இல்ல, கம்மியா போனதும் இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்துக் கதையை, இரண்டாவது கிண்ணம் உட்பட, ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். பாய் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா நிமிரவேயில்லை. பாவம், வெட்கப்படுகிறார், பழசை நாம் கிளறியிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. போனால் போகிறதென்று அவரை மன்னித்துவிட்டு, விளையாடப் போய்விட்டேன்.