ஒரே முறை போகும் உத்தரவு

தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு மாடி அலுவலகத்தில் புரோகிராமராக இருந்தேன். துறைமுக நகரான கிள்ளானில் ஒரு பயிற்சி நிலையத்துக்காக, துறைமுகத்தைக் கணினித் திரையில் காட்டும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். கப்பல் ஓட்டுபவருக்கு ஒரு கணினி, இழுவைப் படகுக்காரருக்கு ஒன்று, துறைமுகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து உத்தரவு கொடுப்பவருக்கு ஒன்று. மூவரும் ஒரே துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு நடுவே செய்திகளைச் சுமக்கும் பகுதி என் வேலை. எந்தச் செய்தி கட்டாயம் போய்ச் சேர வேண்டும், எது தொலைந்தாலும் பரவாயில்லை என்பதை ஒரு கோப்பில் எழுதி மாற்றிக்கொள்ளலாம். பயந்துபோய் நான் எல்லாவற்றையும் 'கட்டாயம்' என்றே வைத்திருந்தேன்.

ஒப்பந்தத்துக்காகப் பயிற்சி நிலையத்தாருக்குச் செய்து காட்டும் நாளன்று கோபுரக் கணினியோடு நான் எங்கள் அலுவலகத்தில். மற்ற இரண்டும் கிள்ளானில், முதலாளியின் மேற்பார்வையில். நடுவில் ஒரு டெலிபோன் லைன்தான். பத்தே நிமிடத்தில் முதலாளி இன்னொரு போனில் அழைத்தார்.

"என்னம்மா இது? கப்பல் நகரவே மாட்டேங்குதுலா! எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க!"

எல்லாமே 'கட்டாயம்' என்பதால், தொலைந்ததையெல்லாம் திரும்பத் திரும்ப அனுப்பி, செய்திகள் லைனில் தேங்கிவிட்டன. அவசரத்தில் எல்லாவற்றையும் 'தொலையலாம்' என்று மாற்றினேன். கப்பல் ஓடியது. போனில் கைதட்டல் கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கப்பலின் இடம் ஒருமுறை தொலைந்தால் அடுத்த நொடியே புதிதாக வரும். கோபுரத்தின் 'நிறுத்து' உத்தரவு ஒரே ஒருமுறைதான் போகும். அதையும் சேர்த்து மாற்றியிருந்தேன்.

"சார், பயிற்சிய நிறுத்தச் சொல்லுங்க. நான் தப்பு பண்ணிட்டேன்."

"நல்லாத்தானே ஓடுது? பேசாம இரு."

"நிறுத்துன்னு சொன்னா அவங்களுக்குப் போகாம இருக்கலாம் சார்."

போன் கைமாறியது. பயிற்சி நிலையத்தின் தலைமை கேப்டன், யாழ்ப்பாணத் தமிழர்.

"என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"சரி, நிப்பாட்டுறம். நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலாச் சரியாக்குங்கோ."

உத்தரவுகளை மட்டும் 'கட்டாயம்' ஆக்கினேன். அரைமணி நேரம் கழித்து மீண்டும் ஓட்டினார்கள். நான் அனுப்பிய 'நிறுத்து'க்கு இழுவைப் படகு உடனே நின்றது.

முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேப்டனின் கடிதத்தை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். ஒப்பந்தம் எங்களுக்குத்தான் என்று எழுதியிருந்தார். ஒரே நிபந்தனை: 'நிறுத்து' உத்தரவை யாருமே 'தொலையலாம்' என்று மாற்ற முடியாதபடி செய்ய வேண்டும்.