இருநூற்று இருபது அடி

பேக்கிங் பெட்டிப் பலகையை இழைப்புளியால் சீவும்போது ஒரு வாசனை வரும். ஈரமண்ணும் டர்பன்டைனும் கலந்ததுபோல மூக்குக்குள் போய் நின்றுகொள்ளும். தொம்மலூரில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டில் அந்த டிசம்பர் முழுவதும் அதே வாசனைதான். அப்பா விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். யந்திரங்கள் வந்து இறங்கிய பெட்டிகளின் பலகைகளை அங்கே வேலை செய்பவர்கள் விறகுக்கு எடுத்துவரலாம். அப்படி வந்தவற்றில் நேரான ஒன்றை அடுப்புக்குப் போகவிடாமல் அண்ணன் சேகர் ஒளித்து வைத்திருந்தான். அவனுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அவன் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் செய்துகொண்டிருந்தான். உப்புத்தாள் தேய்ப்பது என் வேலை.

நாங்கள் இருவருமே கடலைப் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்ததெல்லாம் பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் ஒற்றைத் தாள். அதில் நீர்மூழ்கியின் படம் இருந்தது, அளவு எழுதியிருந்த கீழ்ப்பகுதி கிழிந்துபோயிருந்தது. ஆனால் கப்பலின் மேல்தளத்தில் ஒரு மாலுமி நின்றிருந்தான். அவன் உயரம் ஐந்தே முக்கால் அடி என்று வைத்துக்கொண்டு, அவன் காலுக்கும் தலைக்குமாகக் கவராயத்தை விரித்து, கப்பலின் மூக்கிலிருந்து வால்வரை அண்ணன் அதை நடத்திக்கொண்டு போனான். முப்பது தடவை வந்தது. ஆக, நூற்று எழுபத்திரண்டரை அடி. அடிக்கு ஒரு ‘நூல்’, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று கணக்கிட்டுப் பலகையை அறுத்தான். இரண்டு வாரம் தேய்த்ததில் என் விரல் நுனிகளில் தோலே இல்லை. சாம்பல் வண்ணம் பூசி முற்றத்தில் காயவைத்தபோது அது நிஜமாகவே தண்ணீருக்குள் போகத் தயாராக இருப்பதுபோலத் தோன்றியது.

எங்கள் வீட்டுக்குப் பின்புறத்து ஒற்றை அறையில் தனம்மாக்கா தனியாக இருந்தார். அல்சூரில் ஒரு தையற்கடைக்குக் காஜா போட்டுக் கொடுப்பார். அவருடைய கணவர் கன்டோன்மென்டில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்து, யுத்த காலத்தில் சரக்குக் கப்பலொன்றில் சமையல் உதவிக்குப் போனவர். போனவர் திரும்பவில்லை; அந்தக் கப்பலை நீர்மூழ்கி ஒன்று உடைத்துவிட்டது. அக்காவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது என்று அம்மா சொல்வாள். “அவளா பேசினா கேட்டுக்கோங்க. நீங்களா கேக்காதீங்க” என்பது எங்களுக்கு அவள் போட்டிருந்த கட்டளை. அக்கா தானாக அவரைப் பற்றிப் பேசியதே இல்லை.

அன்று தண்ணீர் பிடிக்க வந்தவர், குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தச் சாம்பல் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னாது தம்பி இது?”

“சப்மரீன்க்கா. தண்ணிக்கு அடியில போயி கப்பலை ஒடைக்கும்” என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா முகம் மாறவில்லை. “நெசத்துல எம்மாம் பெருசு இருக்கும்?” என்றார் அண்ணனிடம்.

“நூத்தி எழுபத்திரண்டு அடி” என்றான், அவனுக்கே உரிய தயக்கமில்லாத குரலில்.

“அவரு போன கப்பல் நானூறு அடின்னு லெட்டர்ல எழுதியிருந்தாரு. அம்மாம் பெரிய கப்பலை இது எப்டிடா முழுங்கும்?” குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். “நான் இத்தினி வருசமா, ஊரு அளவு பெருசா ஏதோ ஒண்ணு கெடக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவர் போன பிறகு அண்ணன் அந்தத் தாளை மறுபடியும் எடுத்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. “நான் சொன்னது கண்காட்சிக்குப் போதும். அந்தக்காவுக்குப் போதாது” என்றான். மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு கப்பன் பூங்காவின் சிவப்புக் கட்டட நூலகத்துக்கு நடந்தே போனான். மேஜையில் இருந்தவர், “ஏனு பேக்கப்பா?” என்று கன்னடத்தில் கேட்டார். என்ன வேண்டும் என்பதை இவனும் கன்னடத்திலேயே சொல்ல, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதில் எங்கள் படத்தில் இருந்த அதே வகைக் கப்பல் இருந்தது. நீளம் இருநூற்று இருபது அடி, அகலம் இருபது.

ஏறக்குறைய ஐம்பது அடி எங்கே போனது? அண்ணன் அங்கேயே அடிக்கோலை என் கண்முன் நீட்டிப் பிடித்து, மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பினான். திருப்பத் திருப்ப அது குட்டையாகிக்கொண்டே போனது. படத்தில் கப்பல் நேராக நிற்கவில்லை, சாய்வாகத் திரும்பியிருந்தது. மாலுமியின் உயரம் குறையாது, கப்பலின் நீளம் மட்டும் குறையும்.

கண்காட்சிக்கு நான்கு நாள்தான் இருந்தது. புதிதாகச் செய்யப் பலகையும் இல்லை, பொழுதும் இல்லை. அவன் எதையுமே கொண்டுபோகவில்லை. “யாருக்குடா தெரியப்போவுது?” என்று அப்பாவே கேட்டார். நான் தேய்ந்த விரல்களைக் காட்டி அழுதேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தக்கூட முயலவில்லை; நேரே பின்புறம் போய், “அக்கா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. இருநூத்தி இருபது அடி” என்றான்.

அக்கா காஜா ஊசியை நிறுத்தினார். “இருநூறுன்னா எனக்கு இன்னா தெரியும் தம்பி? காட்டு.”

பொங்கலுக்கு வெள்ளையடித்தது போக வாளியில் சுண்ணாம்பு மிச்சமிருந்தது. ஏரிக்குக் கீழே ராகி அறுத்துக் காலியாகக் கிடந்த வயலில், பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கொடிக்கயிற்றை நான் ஒரு முனையிலும் அண்ணன் மறுமுனையிலுமாகப் பிடித்து அளந்து கோடு போட்டோம். வயலுக்குச் சொந்தக்கார கௌடர் வந்து, நாங்கள் மனை பிரிக்கிறோமோ என்று சத்தம் போட்டார். சப்மரீன் என்றதும் சிரித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

மதியம் அக்கா வந்தார். மூக்கிலிருந்து வால்வரை ஒருமுறை நடந்தார்.

“எத்தினி பேரு இருப்பாங்க இதுல?”

“நாப்பது, அம்பது பேரு. உள்ள இன்னும் குறுகலு, பதினஞ்சடிதான். படுக்கக்கூட முறை வச்சிக்கணுமாம். ஆனா அக்கா, அந்தக் கப்பலை ஒடைச்சது இதே வகைதானான்னு எனக்குத் தெரியாது.”

“இவ்ளோதானா” என்றார் அக்கா. அதில் கோபமில்லை. தேடிய சாமான் கைக்கெட்டும் உயரத்திலேயே இருந்ததைக் கண்டவர்போலச் சொன்னார். பிறகு, “அவரு கப்பலையும் போடு” என்றார்.

சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. நானூறு அடியை அளந்து இரண்டு முனையிலும் கல் வைத்தோம். அகலம் தெரியாததால் அண்ணன் பக்கக்கோடு போட மறுத்துவிட்டான். அக்கா இரண்டு கற்களுக்கும் நடுவில் நின்று அங்குமிங்கும் பார்த்தார்.

“சமையக்கட்டு எங்க இருக்கும்?”

“தெரியாதுக்கா. எந்தப் புத்தகத்துலயும் இல்ல.”

அக்கா கொஞ்ச தூரம் போனார், திரும்பினார், பின்பக்கக் கல்லிலிருந்து பத்துப் பதினைந்து எட்டில் ஓரிடத்தில் நின்றார். “இங்க இருக்கட்டும்” என்றார்.

எதையும் அளக்காமல் ஒத்துக்கொள்ளாத என் அண்ணன், “சரிக்கா” என்றான்.

அவர் ராகி அறுத்த அடித்தாளின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஆடுகள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி மேய்ந்து போயின. கௌடர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து போனார். “கஸ்டர்டு நல்லா பண்ணுவாரு. தொரைக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றார் அக்கா, எங்களைப் பார்க்காமல். கப்பலைப் பற்றியல்லாமல் கணவரைப் பற்றியே அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தைகள் அவை. அதற்குப் பிறகு நிறையக் கேட்டேன்: அவர் சீட்டியடிப்பது, ஷூவுக்குப் பாலீஷ் போடும் நேர்த்தி, கறிவேப்பிலையை ஒதுக்கி வைப்பது எல்லாம்.

உழவு வரும்வரை அந்தக் கோடுகள் வயலில் கிடந்தன. தனம்மாக்கா சில வருஷம் கழித்துத் தம்பி வீட்டோடு தங்கவயலுக்குப் போய்விட்டார். அண்ணன் விமானத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்று, போன வருஷம் காலமானான். ஏரியும் வயலும் போய் அங்கே வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா உட்கார்ந்த இடம் எது என்று பார்க்கிறேன். அண்ணன் இருந்திருந்தால் அளந்து சொல்லியிருப்பான். எனக்குத் தெரியவில்லை.