வலிக்குப் பதிலாக ஒரு மாவுக்கட்டு

சவரிமுத்து போய்விட்டார் என்று அவர் மகன், நான் பாடம் நடத்தும் ஸ்ரீரங்கம் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னிடம் சொன்னார். தென்னூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் புண்களுக்குக் கட்டுப் போடுவது சவரிமுத்துவின் வேலை. அவர் கைபட்டுக் கால் பிழைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவர் பேச்சைக் கேட்காமலும் பிழைத்தவன் நான் ஒருவன்தான்.

எனக்குச் சர்க்கரை வியாதி. ஒருநாள் மாலை எங்கள் கூடத்தில் சிவப்புக் காலடித் தடங்களைக் கண்டேன். வாசலிலிருந்து வரிசையாக வந்து என் நாற்காலியருகே நின்றிருந்தன. யார் உள்ளே வந்தது என்று அதட்டினேன். என் மனைவி பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ஏன்னா, உங்க காலைத் தூக்குங்கோ." வலது உள்ளங்காலில் ஓர் ஆணி முழுசாக இறங்கியிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் தென்னூர் ஆஸ்பத்திரி டாக்டர். மாவுக்கட்டுப் போட்டுப் பார்ப்போமே என்று சவரிமுத்துதான் அவரிடம் மன்றாடினார். எலும்பு முறியாதவனுக்கு அது எதற்கு என்று கேட்டேன்.

"வலிச்சா நீங்களே அந்த எடத்துல பாரம் போடாம நொண்டுவீங்க சார். உங்களுக்கு வலி செத்துப்போச்சு. அது செய்யற வேலைய இந்தக் கட்டு செய்யும்."

புண் தாங்கிய பாரத்தைக் கட்டு கால் முழுவதும் பங்கிட்டது. வாராவாரம் பிரித்துப் பார்த்து, புதிதாகப் போடுவார். புண் சுருங்கிக்கொண்டே வந்தது.

அப்போது வைகுண்ட ஏகாதசி வந்தது. கட்டோடு பரமபதவாசல் கடக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டை நனைத்து, நானே கத்தியால் அறுத்தெடுத்தேன். சேவித்துவிட்டு வந்து பார்த்தால், கணுக்காலுக்கு மேலே நீளமாக ஒரு வெட்டு. மாவோடு சேர்த்து என் தோலையும் அறுத்திருக்கிறேன். என் உடம்பில் வேறு யாரோ குடியிருப்பதுபோல் நடுங்கிப்போனேன். சவரிமுத்து திட்டவில்லை. "பெருமாள் காத்திருப்பாரு சார், புண்ணு காத்திருக்காது" என்றார். வெட்டு காய்ந்ததும் மறுபடி கட்டுப் போட்டார். கால் தப்பியது.

அடக்கத்தன்றுதான் மகன் எல்லாம் சொன்னார். அப்பாவுக்கும் சர்க்கரையாம். இடது உள்ளங்காலில் வெகுநாளாகப் புண்ணாம். கட்டுப் போட்டுக்கொண்டால் நோயாளியின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார முடியாதே என்று மறைத்துவிட்டாராம். டாக்டருக்குத் தெரிந்தபோது கால் அழுகிவிட்டது. அதை எடுத்தும் உயிர் தங்கவில்லையாம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவர் என் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் ஒரு வாடை வரும். என் புண்தான் என்று கூசிப்போவேன். என் புண் ஆறி மூடிய பிறகும் அது வந்தது. நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் குற்றவுணர்ச்சி என்னைவிட்டுப் போகாது.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது என் வலது கால். அதையும் ஊன்றித்தான் அவர் பெட்டிக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம்வரை நடந்தேன். அவரை ஒரு காலோடு புதைத்தோம்.