மகேந்திரராசா தூக்கிய பை

ஜான்-டலோன் காய்கறிச் சந்தையில், ஜோன்சனின் கடையில் மூட்டை தூக்கும் மகேந்திரராசாவைத் தெரியாத ஆள் இல்லை. அவர் உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் ஏற்றுவதைப் பார்த்தால் தலையணையைத்தான் தூக்குகிறாரோ என்று தோன்றும். அப்பேர்ப்பட்ட மனிதர், போன மாரிக் குளிரில் நெஞ்சில் ஆபரேஷன் நடந்த பிறகு, பால் பையைக்கூடத் தொடமாட்டேன் என்று யன்னலோரம் குந்திவிட்டார். எல்லாம் ஆறிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியும் அசையவில்லை.

"தைச்சது விட்டுப்போனா ஆர் பதில் சொல்லுறது?" என்பார்.

உயிரோடு வீட்டுக்கு வந்த மனிதர் இனி எழும்பவே மாட்டாரோ என்று மனைவி ஜெயனி உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தாள். புரட்டாதி ஞாயிறொன்றில் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சென்-இலேர் மலைக்குப் புறப்பட்டாள்.

"அது எரிமலையாமே. என்ர நெஞ்சு தாங்குமே?"

"அது வெடிக்கவே இல்லையாம். பேசாமல் வாங்கோ."

அடியில் பொங்கிய பாறைக் குழம்பு வெளியே வராமல் உள்ளேயே இறுகி, மேலே மூடியிருந்ததெல்லாம் காலப்போக்கில் கரைந்துபோக, மலையாய்த் தலைகாட்டியதாம். ஜெயனி விளக்கிச் சொன்னாள். அவரோ குனிந்து, சூடு இருக்கிறதா என்று பாறையைத் தொட்டுப் பார்த்தார்.

போனது இரண்டே பேர். ஆனால் வழியில் தமிழ் ஆட்கள் யாரும் வந்துவிட்டால்? யாழ்ப்பாணத்துப் பழக்கம் விடுமா, ஜெயனி ஒரு பட்டாளத்துக்கே சோற்றுப் பார்சல் கட்டியிருந்தாள். ஏற்றத்தில் பை அவளை ஒருபக்கமாய் இழுத்தது. கை மாற்றினாள், முதுகை வளைத்தாள், மூச்சு வாங்கியது.

பின்னால் வந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"உது என்ன தூக்கிற தூக்கு? இடுப்பெல்லே முறியும். கொண்டாரும் இஞ்சை!"

பையைப் பிடுங்கித் தோளில் ஏற்றி, சந்தைக்குப் புதிதாய் வந்தவர்களை ஏசுவது போல ஏசிக்கொண்டே முன்னால் நடந்தார்.

ஜெயனி வாய் திறக்கவில்லை. ஒரு சொல் சொன்னால் ஆபரேஷன் நினைவு வந்து இறக்கிவிடுவார். ஏதும் ஆகிவிட்டால் என்ற பயத்தில் இரண்டு தரம் கூப்பிட வாயெடுத்தாள், விழுங்கிக்கொண்டாள்.

உச்சியில் பையை இறக்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. கை நெஞ்சுக்குப் போனது.

"பாத்துக்கொண்டுதானே வந்தனீர்? ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா இறக்கி வச்சிருப்பியள்."

"எனக்கு ஏதும் நடந்திருந்தா?"

"வழி முழுக்கச் செத்துச் செத்துத்தான் வந்தனான்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அவர் தூரத்தில் தெரிந்த நகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழாதையும். கடைக்கார ஜோன்சனுக்கு ஒருக்கா போன் அடியும். நாளைக்கு வாறனெண்டு சொல்லும்."

ஜெயனி போனை எடுத்தாள். கண் முழுக்கத் தண்ணீர், ஜோன்சனின் பெயரை அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.