கிளப்புக் கொடியின் முடிச்சு

கூட்டுறவுச் சங்கக்கடையில் கோதுமை மா வாங்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் என் மகன் அந்தக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறான். உக்குவளை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், சங்கக்கடைக்கு முன்னால், எதற்கும் பயன்படாமல் நிற்கும் இரும்புக் கம்பம். துரு கீறிவிட்டால் ஏற்புவலி வந்துவிடுமே என்று பயந்து நான் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

போன வாரம் அவன், "அம்மா, இது எதுக்கு?" என்று கேட்டான்.

"கொடி ஏத்துறதுக்கு."

"யாரு ஏத்துவாங்க?"

வரிசை நகர்ந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நானும் நகர்ந்தேன்.

சங்கக்கடை இருக்கிற கட்டடம் முன்பு எங்கள் தெருவின் கிளப். அது தொடங்கியது என் அப்பாவின் தையற்கடை வாசலில், இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடமோ என்னவோ. நான் அப்போது பிறக்கவில்லை. தேயிலைப் பெட்டி ஒன்றின் மேல் கரம் போர்டை வைத்துக்கொண்டு மூன்று பேர் விளையாடினார்களாம். ஒருவர் அப்பா. இன்னொருவர் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற முஸ்லிம் வியாபாரி. அவரைத் தெருவே 'கடை நானா' என்றுதான் கூப்பிடும். மூன்றாமவர் ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்த சிங்களவர். அவர் எல்லாருக்கும் ஸ்டேஷன் மாத்தயா, ஸ்டேஷன் ஐயா. மழை வந்தால் மூவரும் போர்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடுவார்கள். தைத்து வைத்த சட்டைகளில் கரம் போர்டில் தூவிய மா ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா சொல்லுவாள்.

பிறகு நானாவின் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தென்னங்கிடுகுக் கொட்டகை போட்டார்கள். பிறகு ஸ்டேஷன் மாத்தயா தன் சொந்தக்காரரிடம் பேசி இந்தத் துண்டு நிலத்தை வாங்கிக் கொடுத்தார். தகரக் கூரையோடு கட்டடம் எழுந்தது. ரேடியோ வந்தது. மடக்கு நாற்காலிகளும் ஒரு பெற்றோமக்ஸ் லாம்பும் வந்தன. கோயில் கல்யாணமானாலும் பள்ளிவாசல் கந்தூரியானாலும் பௌத்தப் பன்சலைத் தானமானாலும் அந்த நாற்காலிகள்தான் போகும். பெயர்ப்பலகையில் மூன்று மொழி இருந்தது. ஒரு கலவரத்தின்போது யாரோ அதில் தாரைப் பூசிவிட்டுப் போனார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி எழுதியபோது சிங்களம் மட்டும்தான் எழுதப்பட்டது. மற்ற இரண்டும் பிறகு எழுதலாம் என்றார்கள். அப்பாவும் பிறகு எழுதலாம் என்றுதான் சொன்னார்.

கிளப்புக்கு ஒரு கொடி உண்டு. பச்சைத் துணியில் வெள்ளை விளக்கு, அப்பா தைத்தது. ஒவ்வொரு வருடமும் கிளப் விழாவன்று அதை ஏற்றுவார்கள். ஏற்றுவது தொடங்கிய மூவரும் முறை போட்டு. யாருடைய முறையோ அவர் வீட்டில்தான் முதல் நாள் கொடியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, உள்ளே பூ வைத்து மடிக்க வேண்டும். மடித்த பொட்டலம் கயிற்றில் மேலே போகும். உச்சியில் ஒரே இழுவை. முடிச்சு அவிழ்ந்து, கொடி விரிந்து, பூ கொட்டும். அப்போது கம்பத்தடியில் மடியை விரித்து நிற்கும் உரிமை கொடி ஏற்றுகிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். எனக்கு ஒன்பது வயதானபோது நானாவின் மகள் பிடித்த பூவை ஒரு வாரம் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு எனக்குக் காட்டிக் காட்டித் தெருவில் நடந்தாள். அடுத்த வருடம் எங்கள் முறை; மடி விரித்து நிற்கிற வயது வந்தபின் எனக்கு அதுதான் முதல் தடவை. எனக்குப் பத்து வயது.

அந்த ஒரு வருடம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பள்ளிக்கூடத்தில் நான் சொல்லாத ஆள் இல்லை. விழாவுக்கு முதல் நாள் வேலி வேலியாகப் போய் நித்தியகல்யாணியும் ரோஜா இதழும் பறித்து வந்தேன். அப்பா கடையிலிருந்து மிஞ்சிய துணியில் எனக்கு அகலமான மடியுள்ள கவுன் ஒன்று தைத்தார். பூவை அள்ளி வைத்து, குழந்தையைத் துணியில் சுற்றுவது போலக் கொடியை மடித்தார்.

மறுநாள் காலை நாங்கள் கிளப் வாசலுக்குப் போனதும் நானா அப்பாவைப் பலாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அப்பாவின் கையில் தொங்கிக்கொண்டு கூடவே போனேன்.

"டெய்லர், கோவிக்கப்படாது."

"சொல்லுங்க நானா."

"கிளப்பப் பதியப் போறம். பதிஞ்சாத்தான் கவர்மென்ட் காசு வரும், ஓட்டுக்கூரை போடலாம். பதியிறதுக்கு, பொறுப்புல இருக்கிறவங்களுக்கு வோட்டு இருக்கோணுமாம். நேத்து ராவு கூடிப் பேசினம். ஒங்கட பேர எடுத்தாச்சு."

"நேத்து ராத்திரியா? நேத்து ராத்திரி நான் வீட்டுல கொடி மடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"தெரியும். சொல்லத்தான் வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். புள்ள சிரிக்கிற சத்தம் கேட்டிச்சு. திரும்பிப் போய்ட்டேன்."

அப்பா மடித்த கொடியைக் குனிந்து பார்த்தார். "அப்ப யாரு ஏத்துறது?"

"கிராமச்சபைச் சேர்மனக் கூப்பிட்டிருக்கு. இந்த ஒரு தடவ மட்டும்தான்."

"அடுத்த தடவைக்குள்ள எனக்கு வோட்டு வந்துருமா நானா?"

நானா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ஸ்டேஷன் மாத்தயா கம்பத்தருகில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"முடிச்ச மட்டும் நீங்கதான் போட்டுத் தரோணும்" என்றார் நானா. "எங்களுக்கு அது வராது. போன வருசமும் நீங்கதானே போட்டீங்க."

வோட்டு என்றால் என்ன என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தேர்தல் நாளில் தெரு முழுவதும் வெள்ளை உடுத்திக்கொண்டு எங்கோ போகும். அப்பா மட்டும் கடையைத் திறந்து மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார். எங்கள் அப்பாதான் தெருவிலேயே உழைப்பாளி என்று நினைத்திருந்தேன். பக்கத்துக் கொக்கோத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த அவர், இந்திய வம்சாவளி என்பதால் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டு, இல்லை என்று பதில் வாங்கியவர், அதனால்தான் வோட்டும் இல்லை என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

பின்னாலேயே வந்து நின்ற அம்மாவுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. "கொடியக் குடுங்க. வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"இது கிளப்புக் கொடி. நம்மது இல்ல."

"தச்சது யாரு?"

"தச்சா நம்மது ஆயிருமா? அப்பிடின்னா இந்தத் தெருவுல நடக்கிற கால்சட்ட எல்லாம் என்னோடதுதான்."

அம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "அப்ப இன்னொரு முடிச்சுக் கூடப் போட்டு விடுங்க. அந்தாளு இழுத்து இழுத்துப் பாக்கட்டும். நீங்க இல்லாம ஆகாதுன்னு ஊரு பாக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடி விரியாவிட்டால் பூ எப்படி விழும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் வந்து நிற்கிறார்களே! அம்மாவை அந்த நிமிடம் நான் வெறுத்தேன். கொடியை யார் ஏற்றினால் எனக்கென்ன? ஓடிப்போய்க் கம்பத்தடியில் என் இடத்தில் நின்றுகொண்டேன். யாரும் என்னை விலகச் சொல்லவில்லை. கவுன் மடியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

அப்பா கயிற்றோடு குனிந்தார். முடிச்சைத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து முடித்தார். கயிற்றின் நுனியைச் சேர்மனின் கையில் கொடுத்து, மெதுவாக ஏற்ற வேண்டும், உச்சியில் ஒரே இழுவை என்று சிங்களத்தில் சொல்லிக்கொடுத்தார். சேர்மன் தலையாட்டினார். அப்பா கைதட்டலுக்கு நிற்காமல் பின்பக்கம் போய்விட்டார்.

ஒரே இழுவைதான். பச்சைக் கொடி பட்டென்று விரிந்தது. நான் பறித்த பூவெல்லாம் சேர்மனின் எண்ணெய் பூசிய தலையிலும் என் மடியிலும் கொட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். நானாவும் தட்டினார். ஸ்டேஷன் மாத்தயாதான் முதலில் தட்டத் தொடங்கினார்.

மடியோடு பின்பக்கம் ஓடினேன். அப்பா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரே இழுவ! ஒரு பூக்கூட மாட்டிக்கல!"

"அவுந்திருச்சா?"

"ஆமா!"

"அப்பச் சரி" என்று ஒரு கோப்பையை என் கையில் கொடுத்தார். பெரியவர்களுக்கு வைத்திருந்த பூப்போட்ட கோப்பை. கூடவே இரண்டு துண்டு பட்டர் கேக். முடிச்சுப் போட்டவரும் எங்கள் அப்பா, தேத்தண்ணிக்குப் பொறுப்பும் எங்கள் அப்பா. இந்த வருடம் அவருக்கு இரண்டு பதவி என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்ட பூவை அம்மா வாழையடியில் கொட்டிவிட்டாள். நான் அழுதேன். அவள் காலிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு அப்பா கிளப்பில் கரம் விளையாடி நான் பார்க்கவில்லை. ஆனால் விழாவன்று ஆள் வந்து கூப்பிட்டால் போய் முடிச்சுப் போட்டுவிட்டு வருவார். ஓட்டுக்கூரை போட்டார்கள். தொடங்கியவர்கள் என்று கல்லில் இரண்டு பெயர் வெட்டினார்கள். "இந்தியாவுக்குப் போக எழுதிக் குடுங்க மச்சான்" என்று மாமா வருடக்கணக்காகச் சொன்னபோதெல்லாம், "கிளப்ப விட்டுட்டு எங்க போறது?" என்று சிரித்தவர், பிறகு ஒருநாள் யாரும் கேட்காமலே எழுதிக் கொடுத்தார். பிரஜாவுரிமை உள்ள வீட்டில் எனக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு, அம்மாவோடு தலைமன்னாரில் கப்பலேறினார். ஊரடங்குச் சட்டம் போட்ட வருடம் பூட்டிய கிளப்பை அதற்குள் கட்சிக்காரர்கள் சண்டை போட்டுப் பங்கு பிரித்திருந்தார்கள். நாற்காலிகள் யார் வீட்டில் என்று தெரியாது. பிறகு சங்கக்கடை வந்தது.

அடுத்த வருடம் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். சொன்னதைச் செய், எதிர்த்துப் பேசாதே என்று இப்போதே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சொன்ன வாயோடு, தப்பாக வளர்க்கிறேனோ என்று பயம் வருகிறது. அம்மா சொன்னபடி அந்த இன்னொரு முடிச்சு விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது என்றும் தோன்றுகிறது. ஒரு நாளாவது அவர்கள் வெட்கப்பட்டிருப்பார்களே என்றும் தோன்றுகிறது. அப்பா பயந்துதான் போடவில்லை என்று பல வருடம் நினைத்தேன். அவர்மேல் கோபம்கூட இருந்தது.

பதில் வராததால் போன வாரம் என் மகன் கம்பத்தடியில் நின்று, வாயைத் திறந்து, அண்ணாந்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ஒன்றும் இல்லை. ஏதோ விழப்போகிறது என்பது போல இரண்டு கையையும் நீட்டியிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று முடிச்சின் பாதியில் அப்பா நிமிர்ந்து பார்த்தது சேர்மனையும் அல்ல, கூட்டத்தையும் அல்ல. அவருக்கு நேரெதிரே, மடியை விரித்துக்கொண்டு நின்றது நான்.