தீவுக்காரரின் பருப்பு

சுவிஸில், டாவோஸில் நான் கோப்பை கழுவிய ஹோட்டலில் ஓர் இத்தாலியச் சமையல்காரர் இருந்தார். கட்டையான மனிதர். தலைமயிர் கறுப்பு, புருவம் மட்டும் வெள்ளை. வேலை ஓய்ந்ததும் தன் தீவிலிருந்து வந்த பருப்பைத் தட்டத்தில் பரப்பி, எங்கள் ஊர்ப் பெண்களைப் போலவே கல் பொறுக்குவார்.

ஒருநாள், விசா கொடுக்கும் வெளிநாட்டார் பொலிஸிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. திருப்பி அனுப்பப் போகிறார்களோ என்ற பயத்தில் அதை உடைக்காமல் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நாலு நாள் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் அவரிடம் நீட்டினேன். இருவருக்கும் அரைகுறை ஜெர்மன்தான்.

“இதென்ன மஞ்சளாக் கிடக்கு?”

“சந்தனம். சாமிக்கு முன்னால வைச்சனான்.”

“சாமி வாசிச்சுச் சொல்லேல்லையோ?”

என் பயத்தைக் கண்டவர், கடிதத்தை உடைக்காமல் கதைக்கத் தொடங்கினார். பெண்களை அவர் ‘சிஞ்ஞோரா’ என்றுதான் கூப்பிடுவார்.

“எங்கட வென்டோட்டேனேயும் ஆக்களைத் தண்டனையாத் தள்ளிவிட்ட தீவுதான், சிஞ்ஞோரா. ரோமாபுரி அரசன் பெத்த மகளையே அங்க அனுப்பினவன். பிறகு அரசாங்கத்தை எதிர்த்தவங்களைக் கொண்டுபோய் வைச்சாங்கள். இப்ப எங்கட முதலாளி லீவு எடுத்து அங்க போறார்.”

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்டுமில்லை. சின்னத் துறைமுகம், கடல், அமைதி. அந்த ஒண்டுமில்லாததுக்குத்தான் போறார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கத்தியால் கடிதத்தைக் கிழித்து வாசித்தார்.

“இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமாம்.”

உருளைக்கிழங்குச் சாக்கின் மேல் அப்படியே இருந்துவிட்டேன். அவர் திரும்பிக் கல் பொறுக்கப் போனார்.

அவ்வளவு அமைதியான இடத்தை விட்டு இந்தப் பனிக்குள் ஏன் வந்தார் என்று கேட்க அன்று எனக்குக் கூச்சம். இப்போது கடைப் பருப்பில் கல்லே இல்லை. இருந்தும் தட்டத்தில் பரப்பும்போதெல்லாம், கேட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன்.