டயருக்குப் பின்னால் ஒரு கல்

கண்டியில் எங்கள் வீடு செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது. கார் உருண்டுவிடாமல் டயருக்கு முட்டுக்கொடுக்க என் கணவர் டிக்கியில் எப்போதும் ஒரு கல் வைத்திருப்பார். ஹேண்ட் பிரேக்கை நம்பமாட்டார், கல்லை நம்புவார். கடுகண்ணாவை மலைப்பாதையில் தேநீர் குடிக்க நிறுத்தினாலும் கல் இறங்கும்.

போன வருஷம் அந்தக் கல்லும் எங்களோடு நிலாவெளிக்கு வந்தது. கேட்டவர்களிடம் கடல் குளிக்கப் போகிறோம் என்றோம். உண்மையில், அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதிபராக என்னைக் கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் உப அதிபராகவே இருந்து சலித்துப்போனவள் நான். நான் தனியாகத் தங்கப் பார்த்திருந்த அறையிலிருந்து பள்ளிக்கு மூன்று மைல், பஸ் இல்லை. சைக்கிள் ஓட்டப் பழகினால் போகலாம் என்றார் இவர். என்னால் முடியாது என்ற தைரியத்தில்தான் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

போய் இறங்கிய இடம் ஒரே சமதரை. இவர் வழக்கம்போல டயருக்குப் பின்னால் கல்லை வைத்தார். தங்கிய வீட்டுக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்று பின்னேரமே என் சிரிப்பு அடங்கியது. அந்த அம்மாவின் சைக்கிளில் ஏறினேன், விழுந்தேன். திரும்ப ஏறினேன், திரும்ப விழுந்தேன். சைக்கிள் சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிக்கொண்டே இவர் என் முழங்கைக்கு மருந்து பூசினார். மறுநாளும் இதே கதைதான். வேலை கைநழுவிவிட்டது என்றே நினைத்து அழுதேன்.

மூன்றாம் நாள் காலையில்தான் அந்த அம்மா என் கைகளைக் கவனித்தார். மிதிக்கும்போதே இரண்டு பிரேக்கையும் பாதி அழுத்திப் பிடித்திருந்தேன். இறக்கத்துக்குப் பயந்தே வளர்ந்த கைகள்.

"பிரேக்க விடுங்கோ டீச்சர். இஞ்ச எங்க உருளப் போறீங்க?"

விட்டேன். சைக்கிள் போனது. பள்ளிக்கூட வாசல்வரை போய், தனியாகவே திரும்பி வந்தேன். வியர்த்துக் கொட்டியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இவர் கேட்டடியில் காத்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்ததும், காருக்கு வைத்திருந்த கல்லை எடுத்துவந்து, குனிந்து சைக்கிளின் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார்.

"இது உருண்டு போயிருச்சின்னா, நீ எப்படி வேலைக்குப் போவ?" என்றார்.